மாக்கோழியும் வீட்டுத் திரையும்

காண்பதும் ஒரு செயல்தானா? கை ஒன்றும் செய்யாமல், வாய் ஒன்றும் பேசாமல், நாற்காலியில் அமர்ந்து ஒரு திரையை நோக்கிக்கொண்டிருப்பவனை வினை பற்றுமா? இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருந்த காலம் போய், இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஞாயிறு மாலைதோறும் எழும் கேள்வியாகிவிட்டது.

இளையரசனேந்தலிலிருந்து வாசக அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து, பின்னர் கோவில்பட்டியோடு இணைக்கப்பட்ட கரிசல்காட்டு ஊர் அது. நம்மவர் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளுக்கு வெகு தொலைவு. அலுவல் நிமித்தமாக அங்கே குடியிருக்கும் அவருக்குப் பக்கத்தில் உறவினர் இல்லை. கலந்து பேச நம் சமூகத்தாரும் இல்லை. விடுமுறை நாட்களில் கழுகுமலைக்குச் சென்று அரைமலையில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்து வருவது ஒன்றே ஆறுதல். ஞாயிறு மாலையில் ஓடிடி தளம் ஒன்றில் குடும்பத்தார் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கமாம். எந்தப் படம் என்று தீர்மானிப்பதிலேயே ஒரு மணி நேரம் போகிறது. தீர்மானித்த பின்னும் யாருக்கேனும் மனத்தாங்கல் மிஞ்சுகிறது. ஆகவே ஜைன இல்லங்களில் காணத்தக்க படங்களின் பட்டியல் ஒன்றை நம் இதழ்தோறும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறார்.

கடிதத்தின் பிற்பகுதிதான் நம்மை எழுதத் தூண்டியது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், 'கர்ணன்' படம் இந்தக் கரிசல் மண்ணின் கதை, வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நாம் மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்கிறாள். அவளுக்கு இளையவனான மகனோ வேறொரு வாதம் வைக்கிறான்: திரையில் சிந்துவது சாயத் தண்ணீர்; சாகிறவர் மறுநாள் வேறு படத்தில் நடிக்கிறார்; எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று முதலிலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள்; பிறகு எதைப் பார்த்தால் என்ன? தந்தைக்கு மகளிடமும் மறுமொழி இல்லை, மகனிடமும் மறுமொழி இல்லை. பட்டியல் கேட்பதன் காரணம் அதுவே எனத் தோன்றுகிறது.

பட்டியல் வெளியிட நமக்கு விருப்பமில்லை. நாம் வெளியிட்டால் அன்பர் குடும்பத்தார் அதில் உள்ளதைப் பார்ப்பர், இல்லாததை விடுவர். அவ்வளவோடு யோசனை நின்றுபோகும். பிள்ளைகள் கேட்ட இரு கேள்விகளும் அப்படியே இருக்கும்.

முற்காலத்தில் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழவில்லை. ஊர்ப்புறத்து டூரிங் டாக்கீஸில் ஒரு படம் ஓடும். எந்தப் படம் என்பதை விநியோகஸ்தரும் கொட்டகைக்காரரும் தீர்மானித்தார்கள். போவதா வேண்டாமா என்பது மட்டுமே நம்மிடம் விடப்பட்டது. மணல் தரையில் அமர்ந்து பார்த்துவிட்டு வருவோம், ஒரு வாரம் அதைப் பேசுவோம், அதோடு சரி. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட்டபோது, அவ்வாண்டு மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசான் பிரைம் தளத்தில் வெளியாயிற்று. திரையரங்க உரிமையாளர் எதிர்த்தும் பயனில்லை. நவம்பர் 12இல் 'சூரரைப் போற்று', மறு ஆண்டு நவம்பர் 2இல் 'ஜெய் பீம்' என்று பெரிய படங்கள் அவ்வழியே வந்தன. கொட்டகை வீட்டுக்குள் வந்தது. கொட்டகைக்காரரின் வேலையும் நம் தலையில் விழுந்தது. ஒன்றுக்குப் பதில் ஆயிரம் படங்கள். விடுபட்ட நேரமெல்லாம் காட்சி நேரம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இவ்வளவு பெரிதாக இல்லறத்தார்மேல் முன்பு ஒருபோதும் விழுந்ததில்லை.

அரசு ஓரளவு துணை செய்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தளங்கள் தம் படைப்புகளை யாவரும் காணத்தக்கவை, 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல், வயது வந்தோர்க்கு மட்டும் என ஐந்தாக வகுத்து அறிவிக்க வேண்டும்; வன்முறை, தகாத சொல், போதைப்பொருள் போன்றவை இருப்பின் அதையும் குறிக்க வேண்டும்; பெற்றோர் பூட்டிவைக்க வசதியும் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பூட்டைப் பயன்படுத்தாதிருப்பது அசட்டை என்றே சொல்வோம்.

ஆயினும் 'வன்முறை' என்னும் அவ்வொற்றைச் சொல்லால் நம் கேள்வி தீர்வதில்லை. 2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்னும் நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு இரயிலுக்கு இரையாக்குகிறார்கள். அதிலும் வன்முறை உண்டு. 2022இல் வந்த 'விக்ரம்' படத்தின் இறுதியில் கனரகத் துப்பாக்கி ஒன்று வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்க்கிறது. அதிலும் வன்முறை உண்டு. இரண்டுக்கும் குறிப்பில் அதே சொல்தான் போடமுடியும். ஆனால் கருப்பி சாகும்போது அரங்கில் மூச்சு நிற்கிறது. துப்பாக்கி முழங்கும்போது அரங்கில் சீழ்க்கை பறக்கிறது. முன்னதில் ஒரு வாயில்லா ஜீவனின் துன்பம் பார்ப்பவரின் துன்பமாகிறது. பின்னதில் செத்து விழுவோருக்கு முகமே இல்லை, எண்ணிக்கைதான் உண்டு, எண்ணிக்கை கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. (கருப்பியும் வேட்டைநாய்தானே, அது கவ்விய முயல்களுக்காக யார் அழுதார்கள் என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. படம் அதைக் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் மகிழ்வோம்.)

மகனின் வாதத்துக்கு வருவோம். அது சிறுபிள்ளை வாதம் அன்று. மிகப் பழைய வாதம். நம் முன்னோர் அதற்கென்றே ஒரு காவியத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யசோதர காவியத்தின் கதை நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டதே. தீக்கனாக் கண்ட அரசன் யசோதரனிடம், தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்துச் சாந்தி செய்யும்படி தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். கொல்ல மனமில்லாத மகனுக்கும் பலியை விடமனமில்லாத தாய்க்கும் இடையே ஓர் உடன்பாடு: மாவினால் கோழி செய்து அதை வெட்டுவது. உயிர் இல்லை, குருதி இல்லை, துடிப்பு இல்லை. இக்காலத்து முறையில் சொல்வதானால், எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று அன்றே எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் அவ்விருவரும் அதன் பயனாக மயிலும் நாயுமாகப் பிறந்து, பிறவிதோறும் வெட்டுண்டும் கடியுண்டும் அலைந்தார்கள் என்கிறது காவியம். வாள் மாவைத்தான் வெட்டியது. வெட்டியவனின் நெஞ்சில் வெட்டுண்டது கோழி.

ஆகவே சாயத் தண்ணீர் என்பதனால் மட்டும் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை என்று அச்சிறுவனுக்குச் சொல்லலாம். அவன் சொல்லும் அறிவிப்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். பல்லாண்டுகள் சென்னையிலேயே அது இயங்கியது. 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், விலங்குகளைப் படத்தில் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும் என்ற நிலை வந்தது. சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் யானையும் ஆடும் பாம்பும் நடித்ததை ரசித்துப் பார்த்த தலைமுறைக்கு, திரைக்குப் பின்னால் அவை எப்படிப் பழக்கப்பட்டன என்று கேட்கத் தோன்றியதில்லை. 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு' பார்த்தவர்கள் அந்த ஆட்டின் சாகசத்தை இன்றும் சொல்வார்கள். இந்தக் கேள்வியைச் சொல்லமாட்டார்கள். இன்று கணினியில் வரைந்த விலங்கு ஓடுகிறது. உண்மை ஜீவன் ஒன்று தப்பியது. அது பெரிய லாபம். எனினும் அந்த லாபம் படமெடுத்தவரின் கணக்கில் சேர்வது. பார்ப்பவரின் கணக்கு தனி.

இங்கே அறிவுடையார் ஒருவர் தடை எழுப்புவார். மாக்கோழி பாவமென்றால், மாக்கோழியின் கதையைச் சொல்லும் காவியம் மட்டும் புண்ணியமாவது எங்ஙனம்? அதிலும் கள்ளக் காதல் உண்டு. நஞ்சூட்டிக் கொல்வது உண்டு. பிறவி தோறும் குருதி உண்டு. இத்தனையும் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொன்னதுதானே? தடை சரியானதே. இதற்கு விடை அந்த இளையரசனேந்தல் அன்பர் அடிக்கடி செல்லும் அரைமலையிலேயே இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டளவில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் செழித்த அம்மலைப் பள்ளியில், பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகளில், செய்வித்தோராகத் துறவியர், குரத்தியர் பெயர்களோடு எளிய தொழிலாளர் பெயர்களும் காணப்படுகின்றன. அங்கே பகவான் பார்சுவநாதரின் திருவுருவத்தருகே கமடன் பாறையைத் தூக்கி எறிய நிற்கிறான். கொலைவெறியைச் சிற்பி மறைக்கவில்லை, உள்ளபடி காட்டியிருக்கிறான். ஆனால் பார்ப்பவரின் கண் கமடனிடம் நிற்பதில்லை. பாறை தலைக்குமேல் இருந்தும் அசையாமல் நிற்பவரிடம் போய் நிற்கிறது. அதே சிற்பி அதே பாறையில் கமடனை நடுவில் பெரிதாகவும் பகவானை ஓரத்தில் சிறிதாகவும் செதுக்கியிருந்தால், காட்சி அதுவே, வன்முறையும் அதுவே. அதன்முன் விளக்கேற்ற யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

திரைப்படத்தையும் அப்படிப் பார்க்கலாம். என்ன காட்டப்படுகிறது என்பதோடு நம் கண் எங்கே போய் நிற்கிறது, நெஞ்சு யாரோடு சேர்ந்துகொள்கிறது என்பதையும் கேட்க வேண்டும். செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என வினை மூவகை என்று நாம் படித்திருக்கிறோம். திரை முன் அமர்ந்தவனுக்கு முதலிரண்டும் இல்லை. மூன்றாவது உண்டு. உயிரினங்களில் மனிதனை மட்டும் கணக்கில் கொண்டு பார்த்தாலும்கூட, 'கொல்லு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுவதும் 'ஐயோ' என்று எழுவதும் ஒன்றாகுமா? சந்திரகுமார் தாம் ஆந்திரக் காவல்நிலையத்தில் பட்ட அடியை 'லாக்கப்' என்று எழுதினார்; வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார். அப்படம் முழுவதும் அடியும் உதையுமே. பார்த்துவிட்டு எழுந்தவர் எவரும் அடிப்பவனாக இருக்க விரும்பியிருக்கமாட்டார். அதைச் சிறுவர்க்குக் காட்டச் சொல்லமாட்டோம். பெரியவர்க்குத் தடுக்கவும் மாட்டோம்.

மகள் கேட்ட 'கர்ணன்' இதைவிடக் கடினம். 2021 ஏப்ரலில் திரையரங்குக்கு வந்து மறுமாதமே ஓடிடிக்கு வந்த படம். 1995இல் தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவூட்டுவது என்று பலரும் எழுதினர். பேருந்து நிற்காத ஊர்; நோயுற்ற பெண்குழந்தை நடுச்சாலையில் உயிர்விட, வண்டிகள் கடந்து போகின்றன. முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை ஒன்று படம் நெடுகத் தத்தித் தத்தி நடக்கிறது. அதன் கட்டைக் கர்ணன் அறுத்துவிடும் காட்சியில் கண் கலங்காதவர் கல்நெஞ்சர். அதே கர்ணன், ஊர்ச் சடங்கில் வீசப்படும் மீனை வாளால் இரு கூறாக்கி, அதனால் வீரனாக மதிக்கப்படுகிறான். இறுதியில் காவல் அதிகாரியின் கழுத்தில் அவ்வாள் இறங்குகிறது. கழுதைக்கு இரங்கிய நெஞ்சே மீனைக் கொண்டாடுகிறது. ஒடுக்கப்பட்டோர் படும் துன்பத்தில் நம்மைத் தோய்த்தெடுத்த படமே கொலையை விடுதலையாகவும் காட்டுகிறது.

நம் கருத்து: அப்பெண் பார்க்கலாம், பெற்றோருடன் அமர்ந்து, முழுவதும் பார்க்க வேண்டும். தான் நடமாடும் மண்ணில் மனிதர் எப்படி நடத்தப்பட்டனர் என்று அறியாமல் வளர்வது கொல்லாமைக்கு உதவாது. பேருந்தில் ஏற்றாமல் போவதும் ஹிம்சையே. ஆனால் அந்த வாள் கழுத்தில் இறங்கும்போது தனக்குள் எழுந்த மகிழ்ச்சியை அவள் தானே கவனித்து, அது எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தந்தையிடம் பேச வேண்டும். வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் காரணமாகாது.

தேர்வு பற்றி இவ்வளவு. விமர்சனம் பற்றிச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஏனெனில் இன்று படம் பார்ப்பவர் எல்லோரும் விமர்சகர். பார்த்து முடித்ததும் தளமே கட்டைவிரல் ஒன்றைக் காட்டி, பிடித்ததா என்று கேட்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தளம் 2017இல் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைக் கைவிட்டு, பெருவிரலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக மாற்றிக்கொண்டது. 2022இல் இரட்டை விரலையும் சேர்த்தது. நாம் அழுத்தும் விரல் அடுத்து நமக்கு எதைக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. விரலை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாலும், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைத் தளம் குறித்துக்கொள்கிறது. உடன்படுதல் என்பது நெஞ்சுக்குள் நிகழும் நுட்பமான ஒன்று என்றே நம் ஆசிரியர்கள் பேசினார்கள். அதை இயந்திரம் ஒன்று நிமிடக் கணக்கில் அளந்து, அதே வகைப் படம் இன்னும் நான்கு எடுக்கத்தக்கது என்று முதலாளிக்குச் சொல்லும் காலம் வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆக, இன்று உடன்படுதல் செய்வித்தலுக்கு மிக அருகில் வந்துவிட்டது.

இதனால்தான் பாராமல் பழிப்பதும், பாதி பார்த்துப் புகழ்வதும் நமக்கு ஆகாதவை. 2023 டிசம்பர் 1 அன்று திரையரங்கில் வெளியாகி, அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த 'அன்னபூரணி' படம் நினைவிருக்கும். திருவரங்கத்துக் கோயில் மடைப்பள்ளிச் சமையற்காரரின் மகள், புலால் சமைக்கவும் கற்றுச் சமையற்கலையில் புகழடைகிறாள் என்பது கதை. மத உணர்வு புண்பட்டது என்று புகார்கள் எழுந்து, 2024 ஜனவரியில் படம் அத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. தயாரிப்புத் தரப்பும் நாயகி நயன்தாராவும் வருத்தம் தெரிவித்தனர். புலால் மறுத்தல் நம் உயிர்நாடி ஆதலால், நம்மவர் பலரும் அக்கூச்சலில் சேர்ந்துகொண்டனர். படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டோம்; பெரும்பாலோர் பார்க்கவில்லை. நமக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. எந்தக் குலத்துப் பெண் புலால் தொடலாம், யார் மனம் புண்பட்டது, எந்தத் தெய்வம் இழிவுபட்டது என்று இரு தரப்பாரும் ஒரு மாதம் வாதிட்டார்கள். சட்டியில் வெந்த கோழியைப் பற்றி யாரும் பேசவில்லை. வழக்கில் அது கட்சிக்காரராகவே சேர்க்கப்படவில்லை. ஜைன விமர்சனம் என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். பிறர் மானப் பிரச்சினையில் கூடுதல் குரலாக அன்று.

அதே ஆண்டு ஜூனில் குஜராத்தில் நடந்தது இதற்கு எதிர்மாறு. 1862இல் பம்பாயில் நடந்த புகழ்பெற்ற அவதூறு வழக்கை அடிப்படையாகக் கொண்ட 'மகாராஜ்' படத்துக்கு, தம் சமயம் இழிவுபடுத்தப்படும் என்று வைணவ மரபினர் சிலர் தடை கோரினர். உயர்நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் நீதிபதியே படத்தைப் பார்த்தார். இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை என்று கண்டு, ஜூன் 21 அன்று தடையை நீக்கினார். படம் நன்றா இல்லையா என்பது வேறு கேள்வி. பார்த்தபின் தீர்ப்பு என்னும் அம்முறை நம் கவனத்துக்குரியது.

தமிழகத்திலும் விமர்சனம் வழக்காகியிருக்கிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது முதற்காட்சி முடியும் முன்பே எழுந்த கண்டனங்களால் மனம் நொந்த தயாரிப்பாளர் சங்கத்தார், திரையரங்க வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். அவர்தம் வருத்தம் புரிகிறது. கோரிக்கை ஏற்கத்தக்கதாக இல்லை. வாசலில் ஒலிவாங்கியை நீட்டினால் ஒரே சொல்லில் முடிவு சொல்லித்தானாக வேண்டும் என்ற பழக்கமே குறை. 'மொக்கை' அல்லது 'தெறி'. இவ்விரண்டுக்கும் நடுவே பொருள் இல்லையா? ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, இன்னொரு நோக்கில் சொல்லமுடியாதது என்று பொருளின் பல முகங்களைக் காணப் பயிற்றும் ஸ்யாத்வாதத்தைப் பெருமையாகப் பேசும் நாம், ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிடுகிறோம். ஐந்தில் மூன்று நட்சத்திரம் என்பது அநேகாந்தம் அன்று. பல முகங்களைக் கூட்டி வகுத்துப் பெற்ற ஏகாந்தம். 'கர்ணன்' மூன்றரை என்றால் கழுதைக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு?

ஆகவே பட்டியலுக்குப் பதிலாக, வாசகர்கள் தாம் பார்த்த படத்தைப் பற்றி எழுதியனுப்பினால் இடம் தருவோம். முழுவதும் பார்த்ததாக இருக்கட்டும். எந்த நோக்கில் நன்று, எந்த நோக்கில் தீது என்று பிரித்து எழுதட்டும். நெஞ்சு எந்த இடத்தில் யாரோடு சேர்ந்துகொண்டது என்பதை மறைக்காமல் எழுதட்டும். நடிகர்களின் சொந்த வாழ்க்கை வேண்டாம். வீட்டில் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாட்டை அமைப்பில் நிறுத்திவைப்பதும், இன்று ஒன்று என்று முன்னரே அளவு குறித்துக்கொண்டு அமர்வதும் நல்லது. போகோபபோக அளவு என்று விரதமாகக் கொள்பவர்க்கு இது புதிதன்று. தமக்குப் போட்டி மனிதரின் உறக்கமே என்று நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு நேர்மையாக அவர் சொன்ன பிறகும் நாம் விழித்துக்கொண்டிருந்தால் பிழை யாருடையது?

மாதிரிக்கு ஒரு படத்தைப் பற்றி நாமே எழுதிவிடுகிறோம். ஆனந்த் காந்தி இயக்கி, 2012இல் டொராண்டோ விழாவில் காட்டப்பட்டு, 2013இல் இந்தியாவில் வெளியாகித் தேசிய விருதும் பெற்ற 'ஷிப் ஆஃப் தீசியஸ்'. பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா என்னும் கிரேக்கப் புதிரைத் தலைப்பாகக் கொண்டது. மூன்று கதைகளில் நடுக்கதை நம்மைப் பற்றியது என்றே சொல்லலாம். மைத்ரேயன் என்னும் துறவி. சமயத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் வெறுங்காலுடன் மும்பைத் தெருக்களில் நடப்பதும், ஊர்ந்து செல்லும் சிற்றுயிரைக் கண்டு நிற்பதும் யாரை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்துச் சோதனையில் விலங்குகள் வதைபடுவதை எதிர்த்து வழக்காடுகிறார். அவருக்கே கல்லீரல் நோய் வருகிறது. வதையால் பிறந்த மருந்தை உண்ண மறுத்து, உணவைத் துறந்து இறப்பை எதிர்நோக்குகிறார். சார்வாகன் என்று பெயர் கொண்ட இளம் வழக்கறிஞன் அவரோடு ஓயாமல் வாதிடுகிறான். நீலகேசியில் பூதவாதச் சருக்கம் படித்தவர்களுக்கு அவ்வுரையாடல் தனிச் சுவை தரும். ஆனால் இங்கே துறவி எளிதில் வெல்வதில்லை. முடிவில் உடல் முழுதும் புண்ணாகிக் கிடக்கும் நிலையில் சிகிச்சைக்கு இசைகிறார்.

இம்முடிவு நம்மவர் சிலரை வருத்தியது. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பிட்டுத் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் நினைவில் உள்ளவர்கள், இப்படம் நோன்பை இழிவு செய்கிறது என்றனர். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைத் தரிசித்து வளர்ந்தவர்களுக்கு அவ்வருத்தம் இயல்பே. அந்நோக்கில் அவர்கள் சொல்வது சரி. வேறொரு நோக்கில், மைத்ரேயன் மேற்கொண்டது தொடக்கத்திலேயே சல்லேகனை அன்று. நோயுற்றவர் ஒருவர் கொள்கைக்காக மருந்தை மறுத்தது. உடலையும் கஷாயங்களையும் ஒருசேர மெலிவிப்பது வேறு, உடலோடு வழக்காடுவது வேறு. அவர் முகத்தில் நாம் கண்டது அமைதியினும் பிடிவாதமே. நீரஜ் கபி தம் உடலையே மெலிவித்து நடித்த அவ்வேறுபாட்டை நாம் இருமுறை பார்த்தபின்பே உணர்ந்தோம். நோன்புக்கு எதிரான படம் என்று சொல்லமாட்டோம். நோன்பின் இலக்கணத்தை அறிந்து எடுத்த படம் என்றும் சொல்லமாட்டோம்.

உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். கொலை இல்லை, புண்ணும் நோயும் உண்டு. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் மெதுவாக நகர்வது. பத்து வயதுப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் மாலை உணவை வெளிச்சத்திலேயே முடித்துக்கொண்டு அமர்வது நலம். நடுக்கதை முடிந்ததும் நிறுத்திப் பேசத் தோன்றும். மூன்றாம் கதையையும் பார்த்துவிட்டே பேசுக. திருடப்பட்ட ஒரு சிறுநீரகத்தைத் தேடிப் போகும் பங்குத்தரகன் ஒருவனின் கதை அது. துறவியின் கேள்விக்கு இல்லறத்தான் ஒருவன் சொல்லும் மறுமொழி அதில்தான் இருக்கிறது.